உதடு படாத டம்ளர்

என் அத்தை டம்ளரில் உதடு வைத்துக் குடித்து யாரும் பார்த்ததில்லை. காபியோ மோரோ தீர்த்தமோ, தலையை அண்ணாந்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்தில் ஒரு சொட்டு வழியாமல் இறக்குவாள். சுடச்சுட வரும் காபியையும் டவராவில் ஆற்றி அப்படியேதான். எங்கள் வைணவ அகங்களில் குடிக்கிற தண்ணீருக்கே தீர்த்தம் என்றுதான் பெயர். அதில் எச்சில் படக்கூடாது என்று அவள் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. தான் மட்டும் விடாமல் கடைப்பிடித்தாள். இளம் வயதில் கணவரை இழந்து பெங்களூர் மல்லேசுவரத்தில் எங்கள் அப்பாவிடமே திரும்பி வந்தவள். என்னை வளர்த்தவள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்போது நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு வயது 84.

அல்சைமர் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஒரு நாள் என்னைத் தன் தமக்கை என்கிறாள், ஒரு நாள் பக்கத்தாத்து மாமி என்கிறாள். சாப்பிட்டதும் சாப்பிடாததும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் கையில் டம்ளர் வந்துவிட்டால் கழுத்து தானாக நிமிர்கிறது, கை தானாக உயர்கிறது. நேற்று நடந்ததை வைத்திருக்கும் நினைவும், கைகால் பழகிய வித்தையை வைத்திருக்கும் நினைவும் மூளையில் வேறுவேறு இடங்களில் இருக்கின்றன. இந்த நோய் முதலில் அரிப்பது முன்னதை. பின்னது நெடுநாள் தாங்கும்.

ஆபத்து அந்தத் தாங்கும் நினைவில்தான் இருந்தது. தலையை அண்ணாந்தால் மூச்சுக்குழாய்க்குப் போகும் வழி அகலத் திறந்துகொள்ளும். ஆரோக்கியமான தொண்டை சமாளித்துவிடும்: நீர் வருகிற நேரத்தில் மூச்சை நிறுத்தி, குரல்வளையை மூடி, விழுங்கி, மறுபடி திறக்கும். மூளை தளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை கொஞ்சம் பிந்துகிறது. அந்த இடைவெளியில் தீர்த்தம் நுரையீரல் பக்கம் போய்விடுகிறது. முதலில் இருமல், பிறகு காய்ச்சல், பிறகு நிமோனியா. மறதி நோய் முற்றியவர்களில் பலரைக் கடைசியில் கொண்டுபோவது இதுதான்.

விழுங்கல் பயிற்சி தரும் நிபுணர் அத்தையைப் பார்த்துவிட்டுச் சொன்னது சுருக்கமானது. இனி இவர் அண்ணாந்து குடிக்கவே கூடாது. மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, விளிம்பை உதட்டில் வைத்து, சிறுசிறு மிடறாகக் குடிக்க வேண்டும். மருத்துவப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குக் கேள்வி அங்கேதான் ஆரம்பித்தது. தானே மறந்துவிட்ட ஒருத்தியின் ஆசாரம் யாருடையது? அவளுடையதா, அவள் கையினுடையதா, பார்த்துக்கொண்டிருக்கும் என்னுடையதா? அவளுக்குத் தெரியாமல் நான் அதை மீறச் செய்தால், மீறியது யார்?

உறவில் ஒருவர், “அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே, எதுல குடுத்தா என்ன?” என்றார். இந்தப் பதிலை என்னால் ஏற்கவே முடியவில்லை. தெரியாதவர்களுக்கு எதைச் செய்தாலும் சரி என்று வைத்துக்கொண்டால், மயக்கத்தில் கிடப்பவருக்கும் தொட்டில் குழந்தைக்கும்கூட எதைச் செய்தாலும் சரி என்றாகிவிடும். இன்னொருவர் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கோபத்திலிருந்து மோகம், மோகத்திலிருந்து நினைவுத் தடுமாற்றம், அதிலிருந்து புத்தி நாசம், முடிவில் ஆளே நாசம் என்று கண்ணன் அடுக்கும் படிகள் அங்கே வருகின்றன. நினைவு போனால் மனுஷி போனமாதிரிதான் என்பது அவர் வாதம். ஆனால் அங்கே பேசப்படுகிறவன் புலன்களின் பின்னால் ஓடித் தன்னை மறந்தவன். மூளையில் புரதம் படிந்து நரம்பணுக்கள் மடிவதற்கு எந்த ஆசையும் காரணமில்லை. ஒரு நோயைக் கொண்டுபோய் அந்தப் படிக்கட்டில் நிறுத்துவது கீதைக்கும் அநியாயம், அத்தைக்கும் அநியாயம்.

எனக்குப் பிடி கிடைத்தது வராக சரம சுலோகத்தில். ராமாவதாரத்தில் ஒன்று, கிருஷ்ணாவதாரத்தில் ஒன்று, வராக அவதாரத்தில் ஒன்று என, சரணடைந்தவரைக் காப்பதாகப் பெருமாளே சொல்லும் மூன்று சரம சுலோகங்களை வைணவர்கள் போற்றுகிறோம். வராகப் பெருமாள் பூமிப் பிராட்டிக்குச் சொன்னதின் சாரம் இது: மனமும் உடம்பும் நல்ல நிலையில் இருக்கும்போது ஒருவன் என்னை நினைக்கிறான், பிற்பாடு அவன் கட்டையாக, கல்லாகக் கிடக்கும்போது அவனால் நினைக்க முடியாது, அப்போது நான் அவனை நினைக்கிறேன், நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். இதை விளக்குவதற்கென்றே வேதாந்த தேசிகர் ‘ரஹஸ்ய சிகாமணி’ எழுதினார். பெரியாழ்வாருக்கும் இந்தக் கவலை இருந்தது. தளர்ந்து கிடக்கும் கடைசி நேரத்தில் உன் நினைவு எனக்கு வராமல் போகலாம், அதனால் நன்றாக இருக்கையிலேயே சொல்லிவிட்டேன் என்று அவர் திருவரங்கத்துப் பெருமாளிடம் முறையிடுகிறார்.

மரணப் படுக்கையை வைத்துச் சொன்ன வார்த்தைகள்தான். மரணத்துக்குப் பல வருஷம் முன்பே நினைவைக் கொண்டுபோகும் இந்த நோய்க்கு அவை இன்னும் அதிகமாகப் பொருந்துகின்றன என்று நினைக்கிறேன். ஒருவர் தெளிவாக இருந்தபோது எதை மனதார ஏற்றாரோ, அது செல்லும். பிற்பாடு அவரால் அதை நினைவில் வைக்க முடியாவிட்டால் வேறொருவர் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அது செல்லும். பெருமாளே தான் அப்படித்தான் செய்வதாகச் சொல்கிறார். ஆகவே அத்தையின் ஆசாரம் அத்தையுடையதுதான். அவளுக்காக அதை நினைவில் வைத்திருப்பது மட்டும் என் வேலை. அவளுடைய தாகத்தையும் நான்தான் நினைவில் வைக்க வேண்டும். முதுமையில் தாக உணர்வு மங்கும். இந்த நோயில் அந்த மங்கிய உணர்வைச் சொல்லும் வார்த்தையும் போய்விடுகிறது. அவள் தீர்த்தம் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. உடம்பில் நீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றி விழுவது, இருக்கிற குழப்பம் இன்னும் கூடுவது எல்லாம் வரிசையாக வரும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அந்தி சாய்ந்தால் அத்தைக்கு மனம் கலங்கும். இந்த நோயில் பலருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதுவும் அவள் விருப்பம்தானே, அதையும் மதிக்க வேண்டாமா? கர்நாடகத்தில் வாழ்கிறவளுக்கு இந்த இடத்தில் சிரவணபெளகொளா நினைவுக்கு வரும். உணவையும் நீரையும் படிப்படியாகத் துறந்து உயிர்விட்ட சமணர்களின் நினைவுக் கல்வெட்டுகள் அங்கே சந்திரகிரி மலையெங்கும் உள்ளன. சந்திரகுப்த மௌரியர் அப்படி முடிந்ததும் அந்த மலையில்தான் என்பது சமண மரபு. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனை என்னும் இந்த விரதத்தைத் தற்கொலையோடு சேர்த்துப் பார்த்துத் தடை செய்தது. சமணர்கள் பல ஊர்களில் மௌன ஊர்வலம் போனார்கள். அந்த மாதக் கடைசியிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அந்த வழக்கின்போது சமணர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன்: சல்லேகனை முழுத் தெளிவோடு எடுத்துக்கொள்ளும் விரதம். தெளிவில்லாத இடத்தில் விரதம் இல்லை. அத்தை தன் நல்ல நாட்களில் தீர்த்தத்தைத் துறப்பதாக ஒருபோதும் சொன்னவள் இல்லை. ஏகாதசியன்றுகூட நிர்ஜலமாக இருக்கமாட்டாள். அவள் முகம் திருப்புவதை நான் விரதமாகக் கொள்வதற்கில்லை. வற்புறுத்தி ஊற்றுவதும் இல்லை, அது மூச்சுக்குழாய்க்கே ஆபத்து. சற்றுப் போய்விட்டுத் திரும்ப வருகிறேன். எதிரே உட்கார்ந்து என் காபியை நான் குடிக்கிறேன். பார்த்தால் பல நேரம் அவளும் குடிக்கிறாள்.

தவிர, பல சமயம் அது மறுப்பே இல்லை. டம்ளர் அவள் கண்ணுக்குப் படவே இல்லை. எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர், உள்ளே நிறமில்லாத தண்ணீர், எல்லாவற்றின் மேலும் ட்யூப்லைட்டின் பளபளப்பு. எது விளிம்பு, எது நீர்? ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறனையும் அல்சைமர் குறைத்துவிடும். 2004-ல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் நோய் முற்றியவர்களுக்கு வெள்ளைத் தட்டு, கோப்பைகளுக்குப் பதிலாக அடர்சிவப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட அளவு 25 சதவீதமும், குடித்த அளவு 84 சதவீதமும் கூடின. அடர்நீலத்திலும் பலன் இருந்தது, வெளிர் நிறங்களில் இல்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை, கோப்பையின் நிறம் மட்டும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கண்ணுக்குத் தெரியாத டம்ளரின் முன்னால் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது.

கோப்பை தேடிப் போனேன். மல்லேசுவரம் எட்டாவது கிராஸில் பாத்திரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எவர்சில்வர், பித்தளை, செம்பு, வெள்ளி எல்லாம் இருந்தன. கனமில்லாத, அடர்நிறமான, இரண்டு காது வைத்த கோப்பை பெரியவர்களுக்கென்று இல்லை. குழந்தைகள் சாமான் விற்கும் இடத்தில் கிடைத்தது: வாத்தும் முயலும் போட்ட சிப்பர். “வயசானா திரும்பக் குழந்தைதானே அம்மா” என்று கடைக்காரர் அன்போடுதான் எடுத்துக் கொடுத்தார். ஊரே சொல்கிற வார்த்தை அது. எனக்கு அதில் சம்மதமில்லை. குழந்தைக்கு இனிமேல்தான் எல்லாம் வரப்போகிறது. அத்தையோ வருஷா வருஷம் பங்குனியில் மேல்கோட்டை வைரமுடி சேவைக்குப் போய் ராத்திரி முழுக்கக் கண்விழித்தவள், தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசி ஒரு வீட்டை நிர்வகித்தவள், என் பரீட்சைகளுக்காகத் தான் விழித்திருந்தவள். அதெல்லாம் அவளுக்கு நினைவில்லை என்பதால் நடக்காமல் போய்விடவில்லை. வாத்துப் படம் போட்ட கோப்பையை அவள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சிப்பரில் வேறு சங்கடமும் இருக்கிறது. மூக்கு வைத்த மூடி நீரை நாக்கின் பின்பக்கம் கொண்டுபோய் விடும். எவ்வளவு வருகிறது என்று உதடும் நாக்கும் முன்கூட்டி அறிய முடியாது. அடியில் இருப்பதைக் குடிக்கத் தலையைப் பின்னால் சாய்த்தாக வேண்டும். எதை விடச் சொன்னார்களோ அதே அண்ணாத்தல்தான். சிலருக்கு அது சரிப்படலாம். நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் சிப்பரை வாங்குவது எதற்காக? புடவை நனையாது, தரை ஈரமாகாது. அது பார்த்துக்கொள்கிறவரின் சௌகரியம். சிந்தினால் துடைக்கலாம்.

பரணில் வெள்ளிப் பாலாடை ஒன்று இருந்தது; நான் பால் குடித்தது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட நம் மருத்துவமனைகளில் இன்றும் பாலாடை பயன்படுகிறது. ஆனால் அதில் அளவும் வேகமும் ஊற்றுகிறவர் கையில். எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்துவிட்டேன்.

கடைசியில் இரண்டு கோப்பைகள் நிலைத்தன. ஒன்று அடர்சிவப்பு, இரண்டு பக்கமும் விரல் தாராளமாக நுழையும் காதுகள், அகலமான அடி. அதில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. எவர்சில்வர்போல் சூட்டை விரலுக்குக் கடத்தாது. சுடுகிறது என்று சொல்லத் தெரியாதவளுக்கு இது பெரிய விஷயம். இன்னொன்று ஆன்லைனில் வாங்கியது. விளிம்பில் ஒரு பக்கம் அரைவட்டமாக வெட்டியிருக்கும். வெட்டுப் பக்கம் மூக்கின் மேல் வரும்படி பிடித்து எதிர்ப்பக்க விளிம்பை உதட்டில் வைத்தால், கோப்பையை முழுக்கச் சாய்த்தாலும் மூக்கில் இடிக்காது. தலை நிமிராமலே கடைசி மிடறு வரை குடிக்கலாம். யாரோ ஒருவர் கழுத்தையும் மூக்கையும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதேபோல், தைவானைச் சேர்ந்த ஷா யாவ் என்ற வடிவமைப்பாளர் அல்சைமர் வந்த தன் பாட்டியைப் பார்த்துத்தான் எளிதில் கவிழாத கோப்பையும் அடர்நிறக் கிண்ணங்களும் செய்தார். 2014-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் போட்டியில் அவற்றுக்கு முதல் பரிசு கிடைத்தது.

சரி, உதடு படுகிறதே? அத்தை தெளிவாக இருந்தபோது தன் டம்ளரைத் தனியாக அலம்பித் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். தன் எச்சில் பிறருக்குப் போய்விடக்கூடாது என்பதுதான் அதில் அவள் கவலை. அந்தக் கவலையை நான் முழுசாகக் காப்பாற்றுகிறேன். அந்த இரண்டு கோப்பைகளும் அவளுக்கு மட்டும். வேறு யாரும் தொட்டுக் குடிப்பதில்லை. அவை இருக்கும் தட்டும் தனி. அத்தோடு, அவள் வாய் தீர்த்தத்தைத் தொட்டே குடித்த இடமும் ஒன்று உண்டு. வேணுகோபால சுவாமி கோயிலில் மூன்று தரம் உள்ளங்கையில் வாங்கி, உதட்டில் வைத்து உறிஞ்சிக்கொள்வாள். மந்திரம் சொல்லி நீரை உறிஞ்சும் ஆசமனத்துக்கு ஓர் உளுந்து மூழ்கும் அளவு நீர் என்பது விதி. நிபுணர் சொன்ன சிறு மிடறு எனக்கு அந்நியமாகவே படவில்லை. ஏகாதசி உபவாசத்தையும் 8 வயதுக்கு மேல் 80 வயதுக்குள் என்றுதான் விதித்திருக்கிறார்கள். முதியவர் உடம்புக்கு எது தாங்கும் என்று சாஸ்திரம் யோசித்திருக்கிறது. நம் அகத்துத் திருவாராதனத்தில் பெருமாளுக்குக் கை அலம்ப ஒரு வட்டில், திருவடி விளக்க ஒன்று, வாய் கொப்பளிக்க ஒன்று, திருமஞ்சனத்துக்கு ஒன்று, பொதுவில் ஒன்று என ஐந்து வட்டில் வைக்கிறோம். எந்த நீருக்கு எந்தப் பாத்திரம் என்று பார்ப்பது ஆராதனத்தில் சேர்த்தி என்றால், ஒரு கிழவிக்குக் கோப்பை தேடுவதும் அதில் சேர்த்திதான்.

இதைவிட எனக்குக் கடினமாக இருந்தது வேறு. கோப்பையை யார் பிடிப்பது? வீட்டில் உதவிக்கு இருப்பவர் துமகூரு பக்கத்துக்காரர், பொறுமைசாலி. “அஜ்ஜி, நீரு குடீரி” என்று அவர் கூப்பிட்டால் அத்தை முகம் மலரும். ஆனால் தானே புகட்டிவிட்டால் சீக்கிரம் முடியும், சிந்தாது என்பது அவர் கட்சி. எங்கள் வீடு வடகலை, அத்தை புகுந்த வீடு தென்கலை. வடகலையார் காட்டும் குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது. தென்கலையார் காட்டும் பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் கவ்விக்கொண்டு போகிறது. காப்பாற்றப்படுவதற்கு ஜீவன் தன் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டுமா என்ற இந்தச் சர்ச்சை இரண்டு கலைகளுக்கும் நடுவில் நூற்றாண்டுகளாக நடக்கிறது. சிறுவயதில் இதைக் கேட்டபோது ஏட்டு விவகாரமாக இருந்தது. இப்போது தினமும் காலை காபி வேளையில் என் முன்னால் நடக்கிறது.

நான் கண்டது இது. காலையில் அத்தையின் விரல்களில் பிடி இருக்கிறது. காதுகளில் விரலை வைத்துவிட்டால் அவளே உயர்த்துகிறாள். என் கை அவள் கைக்கு அடியில் சும்மா துணைக்கு நிற்கிறது, தலை அண்ணாரப் பார்த்தால் மட்டும் கோப்பையை இதமாகத் தாழ்த்துகிறது. செய்யாமல் விட்ட காரியத்தை அந்தக் கை சீக்கிரமே இழந்துவிடும். அதனால் நேரமானாலும் சிந்தினாலும் அவளே குடிக்கட்டும் என்கிறேன். சாயங்காலம் அந்தப் பிடி இருப்பதில்லை. அப்போது வெட்டுக் கோப்பையை நான் எடுத்துக்கொள்கிறேன், ஒரு மிடறு, விழுங்கியது தெரிந்தபின் அடுத்தது. இரண்டு கலைகளும் எங்கள் வீட்டில் ஒரே நாளில் நடக்கின்றன. பிடி இருக்கும்போதே கவ்விக்கொண்டு போகிற தாய் குட்டியின் கையை முடமாக்குகிறாள். பிடி போனபிறகும் பிடித்துக்கொள் என்று காத்திருப்பவள் அதைக் கீழே விடுகிறாள். எந்த வேளை எது என்பதை மட்டும் நாம் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. பெங்களூரில் வழி கேட்க இடங்கள் உண்டு. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முதியவர்களைப் பார்க்கிறார்கள். 1998-ல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் கஸ்தூரிநகரில் இந்த நோய்க்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமல் வந்தாலோ, குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, கோப்பையை மாற்றுவதற்கு முன்னால் விழுங்கல் நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். தீராத நோயில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்கும் மருத்துவ உயிலை 2018-ல் உச்சநீதிமன்றம் ஏற்றது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. அதைச் செயல்படுத்தக் கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் வென்டிலேட்டர் என்ற கேள்வி கடைசியில் ஒருதரம் வருவது. டம்ளர் என்ற கேள்வி பல வருஷங்களுக்குத் தினமும் ஏழெட்டுத் தரம் வருவது. அத்தையிடம் கேட்கும் காலம் கடந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்று தெளிவாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முடியாமல் போனால் எந்த ஆசாரத்தை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது, யார் கையால் குடிப்பாய், எதில் குடிப்பாய் என்று. சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு அவர்களுக்கு நினைவில்லாதபோது நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.